சாக்கடையைக் குடித்துப் பிழைத்த ஏரி

ஆர்.கே. புரத்துத் தமிழர்கள் வசந்த் குஞ்ச் பக்கம் வந்தால் அருணா ஆஸஃப் அலி சாலைப் பாலத்தை ஒரே நிமிஷத்தில் தாண்டிவிடுவார்கள். பாலத்தை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது என்று சொன்னால், "அங்கேயா?" என்பார்கள். அதன் பெயர் நீலா ஹௌஸ். இங்கே ஹௌஸ் என்றால் குளம். நான் பல வருஷமாக அதன் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கிறேன். ஒரு காலத்தில் காற்று எங்கள் பக்கம் திரும்பினால் ஜன்னலைச் சாத்திவிடுவோம்.

2010 காமன்வெல்த் போட்டிகளுக்காகப் பாலம் கட்டினார்கள். அப்போது மண்ணும் இடிபாடும் ஏரிக்குள் போயின. மிச்சத் தண்ணீரை ஆகாயத்தாமரை மூடியது. பக்கத்திலுள்ள கிஷன்கட் கிராமத்துச் சாக்கடை வேறு வந்து விழுந்தது. அக்கம்பக்கத்தார் சிலர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கடைசியில் ஏரி டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் கைக்கு வந்தது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு அதைச் சீரமைக்க இறங்கியது.

டெல்லியில் ஏரிக்கு வேலி போடுவது சுலபம், தண்ணீர் கொடுப்பதுதான் பெரும்பாடு. மழை என்று பெய்வது மூன்று மாதம். அந்த மழைத்தண்ணீர் ஓடிவந்த வழியெல்லாம் இன்று ரோடும் வீடும். அலாவுதீன் கில்ஜி வெட்டிய ஹௌஸ் காஸ் ஏரியே வறண்டு கிடந்து, சுத்திகரித்த கழிவுநீரால்தான் மறுபடி நிரம்பியது. வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் வற்றாமல் ஓடுவது சாக்கடை ஒன்றுதான். பாபு குழு அதையே பிடித்துக்கொண்டது.

நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் லிட்டர் சாக்கடை முதலில் ஒரு குட்டையில் நிற்கிறது. கசடு அடியில் தங்கிவிடும். அடுத்து வாய்க்கால்கள்; குறுக்கே கருங்கல் வரப்புகள். இந்தக் கற்களைத்தான் குனிந்து பார்க்க வேண்டும். தொட்டால் வழவழவென்று ஒரு படலம் கையில் ஒட்டும். அது முழுக்க நுண்ணுயிர். நாம் கழுவிவிட்டதைத் தின்று அவை பெருகுகின்றன. தண்ணீர் கல்லில் மோதிச் சலசலக்கும்போது காற்று கலக்கிறது. தின்பதற்கு அவற்றுக்கு அந்த ஆக்ஸிஜன் வேண்டும். அப்புறம் சம்பு, நாணல் போன்ற செடிகள் நிற்கும் பாத்திகள். சலவைத்தூளிலிருந்தும் மலத்திலிருந்தும் வந்த பாஸ்பேட்டையும் நைட்ரஜனையும் வேர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை. கறுப்பாகப் புகுந்தது, ஏரியில் விழும்போது அடியிலிருக்கும் கூழாங்கல் தெரிகிற அளவுக்குத் தெளிந்திருக்கும். குடிக்க ஆகாது, முக்குளிப்பானுக்கும் தாழைக்கோழிக்கும் அது போதும்.

பலர் இதை ஒருமுறை கட்டிவிட்டால் தானே ஓடும் என்று நினைக்கிறார்கள். ஓடாது. செடி முற்றினால் அறுத்து வெளியே போட வேண்டும். அங்கேயே அழுகவிட்டால் உறிஞ்சியது அத்தனையும் தண்ணீருக்கே திரும்பிவிடும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம், "இது தீரவே தீராதா, பையா?" என்று கேட்டேன். "ஒரு துண்டு விட்டால் போதும் மாதாஜி, மாசத்துக்குள் குடும்பமே வந்துவிடும்" என்றார்.

மனிதர்கள் விஷயம் இன்னும் சிக்கல். பூஜைப் பூவைப் பிளாஸ்டிக் பையோடு எறிகிறவர்கள், வாத்துக்கு ரொட்டி போட்டுப் புண்ணியம் தேடுகிறவர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். ஊறிய ரொட்டியும் ஒரு சாக்கடைதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். சில இடங்களில் மனிதர்களின் பயமும் சேர்ந்துகொள்கிறது. யமுனைக் கரையில் ஜகத்பூருக்குப் பக்கத்தில் இதே ஆணையத்தின் பல்லுயிர்ப் பூங்காக்களில் மூத்ததான யமுனா பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது, 457 ஏக்கர். 2016 கடைசியில் அங்கே ஒரு சிறுத்தை வந்து சேர்ந்தது. விஞ்ஞானிகளுக்குக் குஷி, வேட்டையாடும் விலங்கு தானாக வந்தால் காடு தேறிவிட்டது என்று பொருள். ஊர்க்காரர்களுக்கோ பயம். கூண்டு வைத்துப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. என் பேரன் விளையாடுகிற இடத்துக்குப் பக்கத்தில் சிறுத்தை என்றால் நானும் கூண்டைத்தான் கேட்டிருப்பேன்.

வேடந்தாங்கலை நினைத்துக்கொள்கிறேன். அங்கே பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். அதனால் ஊரே காவல் நின்றது. பறவை சுட வந்த துப்பாக்கிக்காரர்களைத் தடுக்கும்படி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் கௌல் என்னும் உறுதிப் பத்திரம் வாங்கிய கிராமம் அது. எங்களுக்கு வயல் இல்லை. நாற்றம் போனது, நடக்க ஒரு பாதை கிடைத்தது, குளிர்காலத்தில் பறவை பார்க்கிறோம். பணக்காரக் குடியிருப்புக்கு இது போதும். தன் சாக்கடையைக் கொடுக்கிற கிஷன்கட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு என்ன மிச்சம்? அவர்களும் வந்து உட்கார முடிந்தால்தான் பையை எறியாதே என்று சொல்ல நமக்கு வாய் இருக்கும்.

இப்போது குடியிருப்பில் நடக்கிற சண்டை விளக்கைப் பற்றியது. சாயங்காலம் நடக்க வருகிற பெண்கள் பாதையில் விளக்கு கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனால் நாணலுக்குள் அடைகிற பறவைகளுக்கு இருட்டு வேண்டும். "ஆண்ட்டிஜி, பறவைக்கு இருக்கிற உரிமை எங்களுக்கு இல்லையா?" என்று எதிர்வீட்டுப் பெண் போன வாரம் லிஃப்டில் கேட்டாள். பார்க்கிங்கிலிருந்து வாசல் வரை விளக்கு போடட்டும், கரையில் வேண்டாம் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வாக்கெடுப்பு வைக்கப்போகிறார்களாம். இரண்டு பக்கமும் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.