சான்றிதழ் கோரும் உரிமை

இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் பணிபுரியும் ஒரு பெண்ணோ, மின்சார வேலை கற்கும் ஓர் இளைஞனோ தத்தம் தொழிலில் தேர்ச்சி பெற்றமைக்குரிய சான்றிதழைக் கையில் வாங்கும்போது, அதன் நம்பகத்துக்குப் பொறுப்பேற்று முத்திரையிட்டிருப்பது சிட்டி அண்டு கில்ட்ஸ் போன்றதொரு சான்றளிக்கும் ஸ்தாபனம். ஆனால் அவருடைய வேலையை அருகிலிருந்து பார்த்து, கேள்வி கேட்டு, ‘இவர் தேறினார்’ என்று தீர்மானித்தவர் பெரும்பாலும் அந்த ஸ்தாபனத்தின் ஊழியர் அல்லர். கற்பித்த பயிற்சி நிலையத்திலேயே சம்பளம் வாங்கும் மதிப்பீட்டாளர். கற்பித்த இடமே தேர்ச்சியையும் அறிவிக்க, அவ்வறிவிப்பை நம்பி வேறொரு ஸ்தாபனம் தன் பெயரைக் கொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் வெளியாள் வந்து பார்க்கும்வரை காத்திராமல், சான்றிதழைத் தானே நேரடியாகக் கோரிப் பெறும் உரிமையும் நல்ல நிலையங்களுக்கு உண்டு. இவ்வளவு பெரிய நம்பிக்கை எந்த ஆதாரத்தின் மேல் நிற்கிறது என்பது, தொழிற்கல்வியில் அக்கறையுள்ள எவரும் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

லண்டன் மாநகராட்சியும் கில்டுகள் எனப்படும் பதினாறு தொழிற்குழுமங்களும் சேர்ந்து 1878-ல் சிட்டி அண்டு கில்ட்ஸ் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்த காலத்தில் இந்தப் பிரச்சினை இவ்வளவு கூர்மையாக எழவில்லை. அப்போது தேர்வுத் தாள்களைத் திருத்துகிறவர் மாணவனை அறியாதவர். ஆகவே பட்சபாதத்துக்கு இடம் குறைவு. 1986-ல் தேசியத் தொழில் தகுதிக் கவுன்சில் அமைக்கப்பட்டு, என்.வி.க்யூ. என்று வழங்கும் தகுதிகள் பிறந்தபோதுதான் நிலைமை மாறிற்று. தொழிலை உண்மையான வேலையிடத்தில் செய்துகாட்டுவதே தேர்ச்சியின் அளவுகோல் என்று அவை வகுத்தன. படுக்கையில் கிடக்கும் மூதாட்டியை வலிக்காமல், அவருடைய மானத்துக்கும் பங்கம் வராமல் திருப்பிப் படுக்கவைக்கத் தெரிகிறதா என்பதை எந்தப் பரீட்சை மண்டபத்தில் சோதிக்க முடியும்? நேரில் கண்ட குறிப்பு, மேலாளரின் சாட்சியம், மாணவர் செய்துமுடித்த வேலையின் பதிவு, வாய்மொழிக் கேள்விக்கு அவர் அளித்த பதில் ஆகிய இவற்றையெல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து, அக்கோப்பைக் கொண்டே முடிவு செய்யும் முறை இவ்வாறு ஏற்பட்டது. தீர்ப்பு லண்டனை விட்டு வேலையிடத்துக்குச் சென்றதால், தீர்ப்பளிப்பவரைக் கண்காணிக்கும் ஏற்பாடும் கூடவே செல்ல வேண்டியதாயிற்று.

அந்த ஏற்பாடு மூன்று படிகளில் அமைந்தது. முதற்படியில் மதிப்பீட்டாளர், இரண்டாவதில், அதே நிலையத்தைச் சேர்ந்தவராயினும், மதிப்பீட்டாளர்களின் தீர்ப்புகளை எடுத்துப் பரிசோதிக்கும் உள் தரச் சரிபார்ப்பாளர், மூன்றாவதில், சான்றளிக்கும் ஸ்தாபனம் அனுப்பும் வெளித் தரச் சரிபார்ப்பாளர். புதிய நிலையம் முதலில் அங்கீகாரம் பெறுகிறது. ஆனால் அங்கீகாரம் மட்டும் சான்றிதழ் கோரும் உரிமையாகிவிடாது. வெளியிலிருந்து வருபவர் கோப்புகளைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ஆரம்பச் சான்றிதழ்கள் வெளிவரும். அவருக்குத் திருப்தி உண்டானபின் நேரடி உரிமை வழங்கப்படுகிறது. அதுவும் நிலையம் முழுவதற்குமாக அன்று, தகுதி தகுதியாகத் தனித்தனியே. சிகை அலங்காரத்தில் உரிமை பெற்ற நிலையம் முதியோர் பராமரிப்பில் அதைப் பெறாமல் இருக்கலாம். இந்த நிபந்தனை மிகவும் நியாயமானது என்பது என் அபிப்பிராயம். ஒரு துறையில் காட்டிய நேர்த்தி இன்னொரு துறையின் அறிவுக்கு ஜாமீன் ஆகாது.

வெளித் தரச் சரிபார்ப்பாளர் எல்லாக் கோப்புகளையும் பார்ப்பதில்லை. மாதிரிக்குச் சிலவற்றையே எடுக்கிறார். எவை அவை என்பதை நிலையம் தேர்ந்து நீட்டுவதில்லை. பதிவான மாணவர் பட்டியலிலிருந்து அவரே பொறுக்குகிறார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்கிறோம். ஆனால் இங்கே இருப்பது ஒரே பானை அன்று, ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் தனித்தனி உலை. ஆகவே ஒவ்வொரு மதிப்பீட்டாளரின் வேலையிலிருந்தும், ஒவ்வொரு வேலையிடத்திலிருந்தும், மதிப்பிடும் ஒவ்வொரு முறையிலிருந்தும் சிறிதேனும் கிடைக்கும்படி மாதிரி அமைய வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்த மதிப்பீட்டாளரின் கோப்புகள் பத்தாண்டு அனுபவசாலியின் கோப்புகளைவிட அதிகமாகப் பார்க்கப்பட வேண்டும். கோப்பைத் திறந்தபின் அவர் கேட்பன எளிய கேள்விகளே. இந்த ஆதாரம் இம்மாணவருடைய சொந்த வேலைதானா? சோதிக்க வேண்டிய திறனைத்தான் இது காட்டுகிறதா? இன்றைய நடைமுறைக்குப் பொருந்துவதா? போதுமான அளவு இருக்கிறதா? வேறொரு மதிப்பீட்டாளர் பார்த்தாலும் இதே முடிவுக்கு வருவாரா?

இருப்பினும் இந்த உரிமையின் உயிர்நிலை, ஆண்டில் ஓரிரு நாள் வந்துபோகும் அந்த விருந்தாளியிடம் இல்லை. வெளியே பெயர் தெரியாத உள் தரச் சரிபார்ப்பாளரிடமே அது இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தாம் மதிப்பிட்டதைத் தாமே சரிபார்க்கக் கூடாது என்பது அவருக்கு விதிக்கப்பட்ட முதற்கட்டளை. படிப்பு முடிந்தபின் கோப்புகளை அடுக்கிவைத்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை அன்று; மாணவர் நடுவழியில் இருக்கும்போதே பார்த்து, மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்பு மெய்யாகவே மாணவருக்கு வழிகாட்டுகிறதா, அல்லது ‘நன்று, தொடர்க’ என்ற வெற்றுச் சொல்லோடு நின்றுவிடுகிறதா என்று ஆராய்ந்து, திருத்தத்துக்கு அவகாசம் இருக்கும்போதே சொல்ல வேண்டும். ஒரே ஆதாரத்தை எல்லா மதிப்பீட்டாளர்களிடமும் கொடுத்துத் தனித்தனியே முடிவு கேட்டு, முடிவுகள் வேறுபடுமிடத்தில் வாதித்து ஒரு பொதுவான அளவுக்குக் கொண்டுவரும் கூட்டங்களையும் அவரே கூட்டுகிறார். இவை யாவும் தேதியோடு பதிவாக வேண்டும்; எழுதப்படாத பரிசோதனை, வெளியிலிருந்து வருபவர் கண்ணில் நடக்காத பரிசோதனையே.

இதில் மிகக் கடினமான பகுதி எந்தப் படிவத்திலும் தெரிவதில்லை. அரசின் பயிற்சி நிதியில் ஒரு பங்கு, மாணவர் படிப்பை முடித்த பிறகே நிலையத்துக்கு வந்து சேர்கிறது. எனவே காலத்தில் முடித்துக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடி நிர்வாகத்துக்கு எப்போதும் உண்டு. அந்த நெருக்கடியின் நடுவே, பக்கத்து மேஜையில் அமர்ந்திருக்கும் நண்பரிடம், ‘உம்முடைய மாணவர் இன்னும் தேறவில்லை, மறுபடி பாரும்’ என்று சொல்லக்கூடிய ஒருவர் இருந்தால்தான் அந்த நிலையத்துக்கு நேரடி உரிமை பொருந்தும். அவருக்குப் போதிய நேரத்தை ஒதுக்காமல், வேறு பத்து வேலைகளுக்கிடையே இதையும் சுமத்தும் நிலையம், உரிமையை இழக்கும் நாள் வருமுன்பே அதற்குரிய யோக்கியதையை இழந்துவிடுகிறது.

சோதனையற்ற நம்பிக்கை என்ன செய்யும் என்பதை இங்கிலாந்து வேறொரு திட்டத்தில் கண்டது. வயது வந்தோரின் கல்விச் செலவுக்கு உதவ 2000 செப்டம்பரில் தனிநபர் கற்றல் கணக்குத் திட்டம் தொடங்கப்பட்டபோது, பயிற்சி அளிப்போரின் தரத்தை முன்கூட்டிப் பரிசோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. யார் வேண்டுமானாலும் புகுந்தனர். மோசடி பெருகி, 2001 நவம்பரில் திட்டமே மூடப்பட்டது. நஷ்டம் அரசாங்கத்துக்கு மட்டும் அன்று. நாணயமாக நடந்த பயிற்சியாளர்களும் அவர்களிடம் படித்துக்கொண்டிருந்தவர்களும் அந்த மூடுதலால் அவதிப்பட்டார்கள்.

ஈட்டிய உரிமை என்றென்றைக்கும் நிலைப்பதன்று. அதைத் தாங்கிநின்ற உள் தரச் சரிபார்ப்பாளர் வேலையை விட்டுப் போனால் நிலையம் உடனே அறிவிக்க வேண்டும்; தகுந்த வேறொருவர் அமையும்வரை உரிமை நிறுத்திவைக்கப்படலாம். பாடத்திட்டம் மாறும்போதும், நெடுங்காலம் மாணவரே பதிவாகாதபோதும் மறுபரிசீலனை நேரலாம். குறை கண்டால் எடுக்க வேண்டிய நடவடிக்கைகளை 2006-ஆம் ஆண்டின் என்.வி.க்யூ. நடைமுறை விதித்தொகுப்பு ஐந்து படிகளாக வகுத்திருந்தது. சிறு குறைக்குத் திருத்தப் பட்டியலில் ஒரு பதிவு. அதற்கு அடுத்த படியே நேரடி உரிமையை நீக்குதல். பின்பு பதிவையோ சான்றிதழையோ நிறுத்திவைத்தல். அதன்பின் குறிப்பிட்ட தகுதிக்கும், கடைசியாக எல்லாத் தகுதிகளுக்கும் அங்கீகாரத்தையே ரத்துச் செய்தல். நேரடி உரிமை இரண்டாம் படியிலேயே போய்விடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் திரும்பப் பெறப்படுவது நம்பிக்கை. நிலையம் தொடர்ந்து கற்பிக்கலாம், ஆனால் அதன் சொல் மட்டும் போதாது.

2010-ல் தொடங்கப்பட்ட ஆஃப்குவால் என்னும் ஒழுங்குமுறை ஸ்தாபனம் சான்றளிப்போரையே கண்காணிக்கிறது. விதி மீறிய ஸ்தாபனத்துக்கு அதன் ஆண்டு வரவில் பத்தில் ஒரு பங்குவரை அபராதம் விதிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. நிலையங்கள் செய்யும் மதிப்பீட்டை எந்த முறையில், எந்தக் காரணத்தால் அந்த முறையில் பரிசோதிக்கிறோம் என்பதைச் சான்றளிப்போர் திட்டமாக எழுதி வைத்திருக்க வேண்டும் என்று 2021-ல் நடைமுறைக்கு வந்த விதிகள் கூறுகின்றன. முன்பு கொடுத்த உரிமை என்பதற்காகவே அதை நீட்டித்துக்கொண்டு போவதற்கு இனி நியாயம் சொல்ல வேண்டும்.

ஒரு நிலையம் அங்கீகாரத்தை இழக்கும்போது, பணமும் மாதக்கணக்கில் உழைப்பும் செலவிட்டு நடுவழியில் நிற்கும் மாணவரின் கதி என்ன? ஆஃப்குவால் விதிகள் இதையும் மறக்கவில்லை. நிலையத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே, அது விலகினாலும் விலக்கப்பட்டாலும் மாணவரின் நலனைக் காக்க இயன்ற நடவடிக்கை அனைத்தையும் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இடம்பெற வேண்டும். அந்நிபந்தனை பயன்படுவதற்கு வேண்டிய முக்கியமான பொருள், ஒழுங்காக வைக்கப்பட்ட கோப்பு. யார், எந்தத் தேதியில், எதைக் கண்டு, என்ன முடிவுக்கு வந்தார் என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தால், வேறொரு நிலையத்தின் மதிப்பீட்டாளர் அதைப் பிரித்துப் படித்து, மாணவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.