பனியனுக்குள் ஒரு குஜராத்திச் சொல்

திருப்பூர் காதர்பேட்டையில் மதியம் சரக்கு கைமாறும் நேரம். கடைக்காரர் பனியன்களை அடுக்கிக்கொண்டே "ஏழு, எட்டு, ஒன்பது" என்று எண்ணுகிறார். எதிரில் நிற்கும் வடமாநில வியாபாரி "சாத், ஆட், நௌ" என்று கூடவே எண்ணிச் சரிபார்க்கிறார். மூட்டை கட்டக் காத்திருக்கும் ஒடிசா இளைஞர் வாய்க்குள் முணுமுணுக்கும் எண்ணும் "சாத"தான்.

இந்த "சாத்" மேற்கே எவ்வளவு தூரம் போகும்? குஜராத்தியிலும் ஏழுக்கு "சாத்" என்றே பெயர். அங்கிருந்து ஈரானைக் கடந்து துருக்கி, ஈராக் மலைகளுக்குப் போனால், குர்து மக்கள் "ஹெஃப்த்" என்கிறார்கள். கேட்பதற்கு வேறு சொல்லாகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. சமஸ்கிருதத்தில் "ச" என்று தொடங்கும் பல சொற்கள் ஈரானியக் கிளையில் "ஹ" ஆயின. "சப்த" அங்கே "ஹப்த" ஆனதும், "சிந்து" "ஹிந்து" ஆனதும் அப்படித்தான்.

குஜராத்தி இந்தோ-ஆரியக் கிளையைச் சேர்ந்தது. குர்து ஈரானியக் கிளை. இரண்டுக்கும் தாய்வீடு இந்தோ-ஈரானியக் குடும்பம். குர்து மொழியில் ஒன்று முதல் பத்து வரை எண்ணினால் "யெக், து, சே, சார், பேஞ்ச், ஷெஷ், ஹெஃப்த், ஹெஷ்த், நெஹ், தெஹ்". குஜராத்தியில் "ஏக், பே, த்ரண், சார், பாஞ்ச், ச, சாத், ஆட், நவ், தஸ்". நான்கும் ஐந்தும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. கொஞ்சமும் ஒட்டாததுபோல் தெரியும் "து", "பே" இரண்டும்கூட "த்வி" என்ற ஒரே பழஞ்சொல்லின் பிள்ளைகள்.

எண்களைவிட ஆழமான ஒற்றுமை வினைச்சொல்லில் இருக்கிறது. இந்தி பிரச்சார சபாவின் தேர்வுகளுக்குப் படித்தவர்களுக்கு "நே" விதி மறந்திருக்காது. இறந்தகாலத்தில் "நான் ரொட்டி சாப்பிட்டேன்" என்று சொல்லும்போது, வினை சாப்பிட்டவரை விட்டுவிட்டு ரொட்டியின் பாலுக்கு ஏற்ப மாறும். தமிழில் "சாப்பிட்டேன்" என்ற சொல்லிலேயே "நான்" இருப்பதால், நம் பிள்ளைகளுக்கு அந்த விதி லேசில் பிடிபடாது.

குஜராத்தியில் அதே கதை. ரோட்லி பெண்பால் என்பதால் "காதி". லட்டு ஆண்பால் என்பதால் "காதோ". குர்து மொழியின் குர்மாஞ்சி வழக்கிலும் இந்த முறை உண்டு. "மின் சேவெக் க்வார்" என்றால் நான் ஓர் ஆப்பிள் சாப்பிட்டேன். பல ஆப்பிள்களைத் தின்றிருந்தால் "மின் சேவ் க்வாரின்". தின்றவர் ஒருவர்தான், ஆனாலும் பழங்கள் பல என்பதால் வினை பன்மைக்குப் போய்விடுகிறது. நிகழ்காலத்தில் "எஸ்" என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அதே மனிதர், இறந்தகாலத்தில் "மின்" ஆகிவிடுகிறார். அந்த "எஸ்", குஜராத்தியின் "ஹும்" இரண்டும் சமஸ்கிருத "அஹம்" பிறந்த அதே வேரில் பிறந்தவை. கடைசியாக ஒரே கூரையின்கீழ் இருந்து சில ஆயிரம் ஆண்டுகள் ஆன பிறகும், இரண்டு மொழிகளின் இலக்கணம் இப்படி ஒரே பக்கம் சாய்ந்து நிற்பது வியப்பூட்டுகிறது.

வேறுபாடுகளும் கனமானவை. குஜராத்தியில் ஆண், பெண், இரண்டும் அல்லாதது என மூன்று பால். குர்மாஞ்சியில் இரண்டு. ஈராக்கில் வழங்கும் சொரானி வழக்கு பால் வேறுபாட்டையே உதறிவிட்டது. குஜராத்தி எழுத்து நாகரியின் உறவு என்றாலும் மேல்கோடு கிடையாது. குர்து மொழிக்கோ ஒரே எழுத்து அமையவில்லை. சொரானியை அரபு எழுத்தை ஒட்டி எழுதுகிறார்கள். குர்மாஞ்சிக்கு ஜெலாதெத் பெதிர்கான் 1932இல் டமாஸ்கஸிலிருந்து வெளியிட்ட "ஹாவார்" இதழ் வழியாக லத்தீன் எழுத்து வந்தது.

இரு மொழிகளுக்கும் வாய்த்த வாழ்வும் ஒன்றல்ல. குஜராத்தி பேசுவோருக்கு 1960இல் தனி மாநிலம் கிடைத்தது; 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 5.5 கோடிப் பேருக்கு அது தாய்மொழி. குர்து மக்கள் நான்கு நாடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். துருக்கியில் 1983இல் வந்த 2932ஆம் எண் சட்டம் அவர்கள் மொழியில் நூலோ பத்திரிகையோ வெளியிட வழியில்லாமல் செய்தது. 1991இல்தான் அது நீங்கியது. ஈராக்கின் 2005ஆம் ஆண்டு அரசியல் சட்டம் குர்து மொழியை அரபியோடு சேர்த்து ஆட்சிமொழி ஆக்கியது. மொழிக்காகத் தெருவில் இறங்கிய தமிழருக்கு இந்த வலியை விளக்கத் தேவையில்லை.

உறவு என்பது வேறு, கடன் என்பது வேறு. "ஹஜார்" என்ற ஆயிரமும் "பஜார்", "துகான்" போன்றவையும் குஜராத்தியில் உண்டு, குர்து மொழியிலும் உண்டு. அவை பாரசீகம் வழியாகவும் அரபி வழியாகவும் சந்தையில் கைமாறிய சொற்கள். இந்தக் குடும்பத்தில் சேராமல் தள்ளி நிற்கும் தமிழுக்கும் அந்தச் சரக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நாம் சொல்லும் "தஸ்தாவேஜு" பாரசீகச் சொல். அதன் தொடக்கத்தில் உள்ள "தஸ்த்" என்றால் கை. குர்து மொழியில் கைக்கு இன்றும் "தெஸ்த்" என்றே பெயர்.

அந்தச் சந்தை வழியில் வந்ததுதான் "பனியன்". குஜராத்தியில் வணிகர் "வாணியோ". அரபிக்கடலோரத் துறைமுகங்களில் அவர்களைக் கண்ட அரபியரும் போர்ச்சுக்கீசியரும் "பனியான்" என்றார்கள். பாரசீக வளைகுடாவின் பந்தர் அப்பாஸ் அருகே அந்த வணிகர்கள் சிறு கோயில் கட்டிக்கொண்ட ஒரு மரத்தை ஐரோப்பியர் "பனியன் மரம்" என்று அழைக்க, ஆலமரத்துக்கு ஆங்கிலத்தில் அதுவே பெயராயிற்று. அவர்கள் உடுத்திய தளர்ந்த மேலாடையின் பெயர் பிறகு உள்சட்டைக்கு இறங்கியது. இன்று திருப்பூரில் லட்சக்கணக்கானோர் "பனியன் கம்பெனிக்குப் போறேன்" என்று சொல்லித்தான் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள்.

சொல் மட்டுமா வந்தது? குஜராத்தில் விளையும் சங்கர்-6 ரகப் பஞ்சு தமிழக நூற்பாலைகளின் உயிர்நாடி. 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி என்ன விலை என்பதைக் கோவையும் திருப்பூரும் நாள்தோறும் கவலையோடு பார்க்கின்றன. அதற்கும் பல நூற்றாண்டு முன்பே குஜராத்தியின் உறவுமொழி ஒன்று தறியோடு தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. மதுரை, சேலம், பரமக்குடியில் சௌராஷ்டிர நெசவாளர்கள் வீட்டில் இன்னும் அதைப் பேசுகிறார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் அதில் கலந்திருக்கின்றன.

ஆனால் பஞ்சுக்கே குஜராத்தியில் "ரூ", குர்து மொழியில் "பெம்பூ". அக்காள் தங்கை மொழிகள் பண்டத்தின் பெயரில் பிரிந்து, எண்ணிலும் வினையிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

காதர்பேட்டையில் எண்ணிக்கை முடிந்து மூட்டை கட்டியாகிவிட்டது. மேலே மசியால் எழுதிய ஊர் அகமதாபாத். அங்கே கடையில் பிரிக்கும்போது உள்ளிருப்பதைப் பனியன் என்று கேட்பவர்கள் குறைவு. இங்கிலீஷ் கால்வாயில் உள்ள கெர்ன்சி தீவின் பின்னலாடை தந்த பெயரைச் சொல்லி, "கஞ்ஜி ஃபராக்" என்றுதான் குஜராத்திகள் வாங்குவார்கள்.