மதகைத் திறக்கலாமா?

2023 ஜூன் 12 அன்று மேட்டூர் அணையில் 103 அடித் தண்ணீர் இருந்தது. குறுவைக்கு வழக்கமாகத் திறக்கும் நாள், கையில் நல்ல இருப்பு. மதகைத் திறந்தார்கள். பருவமழை சராசரியில் 96 சதவீதம் பெய்யும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏப்ரலிலேயே சொல்லியிருந்தது. கடைசியில் 94 சதவீதம் பெய்தது. கணிப்பு பலித்தது என்றே சொல்லலாம். ஆனால் நடுவில் ஆகஸ்ட் கழுத்தை அறுத்தது. 1901க்குப் பிறகு நாடு கண்ட ஆகஸ்ட் மாதங்களிலேயே வறண்டது அதுதான். காவிரியில் வரத்து சுருங்கி, ஜனவரி 28 வரை ஓட வேண்டிய தண்ணீரை அக்டோபர் 10இலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. டெல்டாவில் பல இடங்களில் குறுவை கருகியது.

மறு ஆண்டு கதை தலைகீழ். 2024 ஜூன் 12இல் அணையில் 50 அடிகூட இல்லை. மதகு மூடியே இருந்தது. குடகிலும் வயநாட்டிலும் ஜூலையில் கொட்டிய மழையில் அதே அணை ஜூலை 30இல் 120 அடியைத் தொட்டு நிரம்பி வழிந்தது.

அப்படியானால் 2023இல் திறந்தது தப்பா? டீக்கடையில் கேட்டால் தப்பு என்றுதான் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 103 அடி இருப்பு, சுமாரான மழைக் கணிப்பு, தள்ளிப்போட முடியாத நடவுப் பட்டம்: அன்று கையில் இருந்தவை இவ்வளவுதான். ஆகஸ்டில் தெரிந்ததை வைத்து ஜூனில் எடுத்த முடிவுக்கு மார்க் போடக்கூடாது. முடிவெடுப்பதை ஆராய்கிறவர்கள் முடிவின் தரத்தையும் விளைவையும் தனித்தனியாக எடைபோடுவது இதனால்தான்.

அதே காவிரியில் கீழே மோகனூருக்கு வருவோம். எதிர்க்கரையில் வாங்கல், இந்தக் கரையில் வாழை, வெற்றிலைக் கொடிக்கால், பாய்க்கு அறுக்கும் கோரை. அணை நிரம்பி உபரி நீரைத் திறந்தால் கரையோர ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை வரும். உடனே ஒரு கேள்வி: “ஏனுங்க, தண்ணி இங்க வரைக்கும் ஏறுமுங்களா? மோட்டாரக் கழட்டணுமா?”

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். மோட்டாரைக் கழற்றி மேட்டில் ஏற்ற ஆள்கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து 1,000 ரூபாய். மூழ்கினால் நட்டம் 20,000. ஆயிரத்தை இருபதாயிரத்தால் வகுத்தால் இருபதில் ஒன்று, அதாவது 5 சதவீதம். வெள்ளம் ஏறும் வாய்ப்பு அதற்கு மேலே என்றால் கழற்றுவது லாபம், கீழே என்றால் விட்டுவிடலாம். வாய்ப்பு 10 சதவீதம் என்று வையுங்கள். இருபது எச்சரிக்கைக்கும் கழற்றினால் செலவு 20,000. ஒன்றுக்கும் கழற்றாமல் இருந்தால் சராசரியாக இரண்டு முறை மூழ்கி 40,000 போகும். பதினெட்டு முறை வீணாய்க் கழற்றியவரைப் பார்த்து ஊர் சிரிக்கும். கணக்கு அவர் பக்கம். வெள்ளம் வருமா என்பதற்கு விடை தெரியாமலே என்ன செய்வது என்பது தெரிந்துவிட்டது, பார்த்தீர்களா!

வாய்ப்பே எத்தனை சதவீதம் என்று தெரியாவிட்டால்? பொருளியலாளர் ஃப்ராங்க் நைட் 1921இலேயே இரண்டையும் பிரித்துக் காட்டினார்: எண்ணால் அளக்கக்கூடிய அபாயம் வேறு, அளக்கவே முடியாத நிச்சயமின்மை வேறு. இரண்டாவதில் சிக்கும்போது, திரும்பிவர வழியுள்ள முடிவாகப் பார்த்து எடுப்பதே கெட்டிக்காரத்தனம். இங்கேதான் ஆற்றின் மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் நியாயம் ஒன்றாக இல்லை. மேட்டூரில் காலையில் தூக்கிய மதகை மாலையில் தாழ்த்திவிடலாம். விதைத்த நெல்லை மறுபடி மூட்டையில் கட்ட முடியுமா? வாழைக்கன்று நட்டவர் ஏறக்குறைய ஓராண்டு மாட்டிக்கொண்டார். கோரை அப்படியல்ல, ஒருமுறை நட்டால் திரும்பத் திரும்ப அறுக்கலாம், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். நிலத்தைப் பிரித்து ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் கோரை என்று வைப்பவர், புத்தகம் படிக்காமலே நைட்டுக்குப் பதில் சொல்கிறார்.

அவருக்குக் கிடைக்கும் தகவல்தான் போதவில்லை. நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி என்று தினமும் செய்தி வருகிறது. இரண்டும் இன்றைய நிலவரம். பருவமழை இயல்புக்கு மேலா கீழா என்பதை வானிலைத் துறை இப்போது சதவீத வாய்ப்பாகவே வெளியிடுகிறது. மதகு திறக்கும் அறிவிப்போடு, தண்ணீர் அக்டோபர் வரை ஓட எத்தனை சதவீத வாய்ப்பு என்ற எண்ணும் சேர்ந்து வரட்டும். எத்தனை கன்று நடுவது, எவ்வளவு நிலத்தைக் கோரைக்கு விடுவது என்பதை மோகனூர்க்காரர் தாமே பார்த்துக்கொள்வார்.