ஒரு படி மேலே போக ஒரு பொத்தான் வேண்டும்!

கணினியில் ஃபைல்களைப் பார்க்கும் விண்டோவின் உச்சியில், தற்போது திறந்திருக்கும் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று காட்டும் நீளமான பாதைப் பட்டை ஒன்று உண்டு. ‘ஆவணங்கள் › அலுவலகம் › 2024 › ரசீதுகள்’ என்று வெளி ஃபோல்டரில் தொடங்கி உள் ஃபோல்டர் வரை பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெயரும் ஒரு பொத்தான். ‘அலுவலகம்’ என்பதைக் கிளிக் செய்தால், இரண்டு படிகளை ஒரே தாவலில் கடந்துவிடலாம். ‘பிரெட்கிரம்ப்’ எனப்படும் இந்த அமைப்பு இணையதளங்களில் பழக்கமாகி, பிறகு டெஸ்க்டாப்புக்கு வந்தது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அந்தப் பட்டை வெறும் எழுத்து வரிதான். 2007-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா அதைப் பொத்தான் வரிசையாக மாற்றியது. லினக்ஸில், 2008-ல் வெளியான கேடிஇ 4-உடன் வந்த டால்ஃபின் ஃபைல் மேனேஜரும் இதே வழியில் சென்றது. ஆப்பிளின் ஃபைண்டர் 2007-ல், மேக் ஓஎஸ் எக்ஸ் 10.5 பதிப்பில், பாதைப் பட்டையை விண்டோவின் அடியில் வைத்தது. மெனுவில் போய்த் தேர்ந்தெடுத்தால்தான் அது தெரியும்.

வந்த வழி வேறு, இருக்கும் இடம் வேறு

பாதைப் பட்டையின் முதல் பயன், இடத்தைச் சொல்வது. தேடல் மூலம் ஒரு ஃபோல்டரை நேரடியாகத் திறந்தவர் ‘பின்செல்’ பொத்தானை அழுத்தினால், தேடல் முடிவுகளுக்கே திரும்புவார். அந்த ஃபோல்டர் எதற்குள் இருக்கிறது என்பதைப் பாதைப் பட்டைதான் காட்டும்.

அடுத்த பயன், பக்கத்து ஃபோல்டருக்குத் தாவுவது. விண்டோஸில் ‘அலுவலகம்’ என்ற பெயரை அடுத்துள்ள சிறு அம்புக்குறியை அழுத்தினால், அதற்குள் இருக்கும் ஃபோல்டர்கள் அனைத்தும் பட்டியலாக விரியும். 2024-லிருந்து 2023-க்குப் போக மேலே ஏறி இறங்க வேண்டியதில்லை. ஃபைலை இழுத்துவந்து பட்டையில் உள்ள பெயரின் மேல் விட்டால், அந்த ஃபோல்டருக்கே நகர்த்தவும் முடியும். விண்டோஸ் 11-க்கு 2023-ல் வந்த புதிய பாதைப் பட்டையில் இந்த வசதி காணாமல் போனது. 2024-ல் மைக்ரோசாஃப்ட் அதைத் திரும்பக் கொடுத்தது.

விஸ்டா செய்த பிழை

பெயரைத் தொட்டாலே மேலே போகலாம் என்றான பிறகு, ‘ஒரு படி மேலே’ என்ற பழைய பொத்தான் எதற்கு என்று விஸ்டாவில் அதை நீக்கிவிட்டார்கள். விண்டோஸ் 7-லும் அது இல்லை. ஆல்ட் விசையுடன் மேல் அம்புக்குறியை அழுத்தும் குறுக்குவழி மட்டும் இருந்தது. பொத்தான் 2012-ல் விண்டோஸ் 8-ல்தான் திரும்பி வந்தது.

பட்டையில் உள்ள பெயரும் மேல் பொத்தானும் ஒரே வேலையைச் செய்தாலும், கைக்கு இரண்டும் ஒன்றல்ல. மேல் பொத்தான் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும், பார்க்காமலே அழுத்தலாம். பட்டையிலோ, ஃபோல்டர் பெயரின் நீளத்தைப் பொறுத்து மேல் ஃபோல்டரின் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் கடைசிக்கு முந்தைய பெயர் எங்கே என்று கண்ணால் தேட வேண்டும். இலக்கு சிறிதானால் அதைத் தொட ஆகும் நேரம் கூடும் என்பது உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-ல் வெளியிட்ட ஆய்வின் சாரம். ‘2024’ போன்ற சின்னப் பெயர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

இடம் போதாதபோது

பாதை நீண்டு பட்டை நிரம்பிவிட்டால் எதையாவது மறைத்தாக வேண்டும். விண்டோஸ் இடதுபக்கப் பெயர்களை ஒரு சிறு குறிக்குள் சுருட்டி வைக்கிறது. திறந்திருக்கும் ஃபோல்டரும் அதற்கு மேலுள்ளதுமே அதிகம் தேவைப்படுபவை என்பதால் இது சரியான தேர்வு.

பொத்தான்கள் எழுத்து வரியின் எல்லா வேலைகளையும் செய்துவிடாது. ஒரு பாதையை நகலெடுத்து இன்னொருவருக்கு அனுப்பவோ, தெரிந்த முகவரியைத் தட்டச்சு செய்யவோ எழுத்துதான் வேண்டும். விண்டோஸில் பட்டையின் காலி இடத்தைக் கிளிக் செய்தால் எழுத்து வரி தோன்றும். அப்போது, ‘ஆவணங்கள்’ என்று தெரிந்தது, சி டிரைவில் பயனர் பெயரின் கீழ் இருக்கும் ஃபோல்டர் என்ற விவரமும் வெளிப்படும். பட்டை காட்டுவது சுருக்கிய பெயர். சில நேரங்களில் உண்மையான முழுப் பாதை அதில் தெரிவதில்லை.

லினக்ஸின் ஜினோம் டெஸ்க்டாப்பில் உள்ள ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல், எல் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்து வரி வரும். ஆனால் அந்தக் குறுக்குவழியை அறியாதவருக்கு வசதி இருப்பதே தெரியாமல் போகலாம். லினக்ஸ் மின்ட்டின் நீமோ ஃபைல் மேனேஜர் இதற்கென்று கருவிப் பட்டையில் தனிப் பொத்தானை வைத்திருப்பது நல்ல ஏற்பாடு.

பாதைப் பட்டை, மேல் பொத்தான், எழுத்து வரி ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கானவை. பல படிகளைத் தாண்ட முதலாவதும், ஒரு படி ஏற இரண்டாவதும், சரியான முகவரியைக் கையாள மூன்றாவதும் உதவும். மூன்றையும் கண்ணில் படும்படி வைத்திருக்கும் ஃபைல் மேனேஜரே பயன்படுத்த எளியது.