தொண்டைக்கு எதுக்கு ஸ்கேன்?

"ஏம்மா, நீதான் ஸ்கேன் டாக்டராச்சே. வயித்துல பிள்ளை இருந்தா எடுப்பாங்க, கிட்னியில கல்லு இருந்தா எடுப்பாங்க. தொண்டைக்கு எதுக்கு ஸ்கேன்?"

எதிர்வீட்டுப் பெரியம்மா கையில் இ.என்.டி. டாக்டர் எழுதிய சீட்டு. மூன்றரை வயதுப் பேத்திக்கு இரண்டு மாதமாகக் குரல் கம்மியே இருக்கிறது. மிளகுக் கஷாயம், சிரப், நெபுலைசர் எல்லாம் ஆயிற்று. "சளியும் இல்ல, காய்ச்சலும் இல்ல. அழுதாகூடச் சத்தம் வரமாட்டேங்குது" என்றார். டீயை அடுப்பில் வைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னேன். அன்று அவருக்குச் சொன்னது இன்னும் பல வீடுகளுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

குழந்தைகளுக்குக் குரல் கம்முவது பெரும்பாலும் கத்திக் கத்தி விளையாடுவதால்தான். மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போவதுபோல, ஓயாமல் மோதும் குரல் நாண்களில் சின்ன முடிச்சு விழும். குரலுக்கு ஓய்வும் பயிற்சியும் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் சில பிள்ளைகளுக்கு அங்கே வேறு வளர்ச்சி இருக்கலாம். நீர்க்கட்டியாக இருக்கலாம், ரத்தநாளக் கட்டியாக இருக்கலாம், பாப்பிலோமா என்கிற மருவாகவும் இருக்கலாம். காலிஃபிளவர் பூவைப் பொடியாக்கி ஒட்டியதுபோல் இருக்கும் இந்த மரு அரிதுதான். அரிது என்பதாலேயே ஆஸ்துமா என்றும் சளி என்றும் மாதக்கணக்கில் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பது நடக்கிறது.

அதனால் என்ன ஆபத்து? கைக்குழந்தையின் மூச்சுப்பாதையில் மிகக் குறுகிய இடம் சுமார் 4 மில்லிமீட்டர்தான். அங்கே சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் போதும், காற்று போகும் வழியில் முக்கால் பங்கு அடைபட்டுவிடும். பெரியவர்களுக்குத் தொண்டைக் கரகரப்பாக முடிவது, குழந்தைக்கு மூச்சுத்திணறலாக மாறலாம்.

ஆகவே உள்ளே பார்த்தாக வேண்டும். 1854-இல் மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார், பல் டாக்டரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். இன்று மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டுப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வோம். மூன்று வயதுப் பிள்ளை பொறுக்குமா? நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கும். அழுது திமிறும்போது ஒரு நொடிதான் தெரியும். தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் மயக்க மருந்து கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கிறது.

நம் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். ஸ்கேன் கருவியின் ஒலி அதைவிடப் பல நூறு மடங்கு வேகமாக அதிரும். கழுத்தில் நாங்கள் வைக்கும் புரோப் என்ற கைக்கருவி, நொடிக்கு ஒரு கோடிக்கும் மேல் அதிரும். அது ஆழமாகப் போகாது. மேலாக இருப்பதை நுணுக்கமாகக் காட்டும். குழந்தையின் குரல் நாண்கள் தோலுக்குக் கீழே ஓரிரு சென்டிமீட்டரில் இருப்பதால் அதுவே போதும்.

"ஸ்கேனுக்கு முன்னாடி தடவுவாங்களே, அந்தப் பசை எதுக்கு?" என்றார் பெரியம்மா.

"கிணத்துல முங்கியிருக்கிறவனைக் கரையிலிருந்து கூப்பிட்டா கேக்குமா, பெரியம்மா?"

"எங்கே கேக்கும்!"

அதேதான். காற்றிலிருந்து தண்ணீருக்குள் ஒலி எளிதில் நுழையாது. உடம்பும் ஏறக்குறைய தண்ணீர்தான். தோலுக்கும் கருவிக்கும் நடுவே இம்மியளவு காற்று இருந்தாலும் ஒலி திரும்பி ஓடிவிடும். அந்த இடைவெளியை ஜெல் நிரப்புகிறது. எக்ஸ்ரே, சி.டி. போலக் கதிர்வீச்சு இல்லை, ஊசியும் இல்லை.

இன்னொரு வசதியும் பிள்ளைகளுக்கு உண்டு. குரல் நாண்களை மூடியிருக்கும் குருத்தெலும்பு, வயதாக ஆக இறுகிச் சுண்ணாம்பேறிவிடும். பெரியவர்களிடம், அதிலும் ஆண்களிடம், ஒலி அதைத் தாண்டத் திணறும். பிள்ளைகளுக்கு அது இளநீர் வழுக்கைபோல் இளசாக இருப்பதால் ஒலி உள்ளே போய்த் திரும்பி வருகிறது.

அறையில் விளக்கைக் குறைத்துவிட்டு, ஜெல்லைக் கொஞ்சம் சூடாக்கி, பிள்ளையை அம்மா மடியில் உட்காரவைத்துக் கழுத்தில் புரோப்பை மெல்ல வைப்பேன். திரையில் முதலில் குடிசைக் கூரைபோல் ஒரு வடிவம் தெரியும்; அதுதான் குருத்தெலும்பு. கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டைகளாகக் குரல் நாண்கள். பிள்ளை மூச்சு விடும்போது அவை திறந்து மூடுவது அப்படியே தெரியும். அழுதாலும் பரவாயில்லை, அழும்போதும் அவை அசையத்தானே செய்கின்றன! மரு இருந்தால், அந்தக் கறுப்புப் பட்டையின் ஓரத்தில் வெளிறிய மேடாகக் காற்று வழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நீர்க்கட்டி கறுப்பு வட்டமாகத் தெரியும். ரத்தநாளக் கட்டியென்றால் டாப்ளர் போட்டதும் சிவப்பும் நீலமுமாக ரத்த ஓட்டம் மின்னும். இந்தக் கட்டிக்கு இன்று பெரும்பாலும் கத்தி தேவைப்படுவதில்லை. இதயத்துக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனோலால் மருந்து இதைச் சுருக்குகிறது என்று 2008-இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் கண்டு சொன்னார்கள்.

ஸ்கேனால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். மூச்சுக்குழாயில் இருப்பது காற்று. அதற்குப் பின்னால் இருப்பது நிழலில் மறைந்துவிடும். தட்டையாகப் படர்ந்த சிறு மரு தப்பிவிடலாம். வளர்ச்சி என்ன வகை என்பதை உறுதியாகச் சொல்வது, சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பயாப்சிதான். எனவே ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் கரகரப்பு மட்டும் நீடித்தால் கேமராவில் பார்த்தே ஆக வேண்டும். பிள்ளை மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தாலோ, விலா ஒடுங்கி உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ஸ்கேனுக்கு வரவே வேண்டாம். நேரே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

"இந்த மரு எப்படிம்மா வருது?"

"உங்க பேத்திக்கு அதுதான்னு நான் சொல்லல, பெரியம்மா. எச்.பி.வி. வைரஸ்ல 6, 11-ன்னு ரெண்டு வகை இருக்கு, அதால வர்றது. பிரசவத்துல தாய்கிட்டயிருந்து பிள்ளைக்குத் தொத்தலாம்."

பெரியம்மாவின் பார்வை தன் வீட்டுப் பக்கம் போனது. மருமகள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த வைரஸ் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து, தெரியாமலே போய்விடுவது. யார் மேலும் குற்றமில்லை. ஆனால் தடுக்க வழி உண்டு. தடுப்பதே நல்லது, ஏனென்றால் இந்த மருவை அறுவை செய்து எடுத்தாலும் திரும்பத் திரும்ப முளைக்கும். சில பிள்ளைகள் பத்து, இருபது முறைகூட மயக்க மருந்து வாங்குகிறார்கள். ஆஸ்திரேலியா 2007-இல் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடத் தொடங்கியது. அங்கே இந்தக் குழந்தை நோய் 2012-இல் லட்சம் குழந்தைகளுக்கு 0.16 ஆக இருந்தது; 2016-இல் 0.02 ஆகக் குறைந்துவிட்டது. நம் நாட்டிலேயே தயாராகும் செர்வாவாக் 2023-இல் வந்தது. அதுவும் 6, 11 இரண்டையும் தடுக்கும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசி என்றுதான் நமக்கு அதைத் தெரியும். இன்று பதினொரு வயதுப் பெண்ணுக்குப் போடும் ஊசி, நாளை அவள் பெறப்போகும் பிள்ளையின் குரலையும் காக்கும்.

டீ ஆறிப்போயிருந்தது. பெரியம்மா ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன். ஊசி கிடையாதுன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க. அவ பொம்மையையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. முதல்ல அதுக்கு எடுத்துக் காட்டுறேன்."

வாசல்வரை போனவர் திரும்பினார். "நானும் உள்ளே வரலாமாம்மா?"

"மடியில வச்சுக்க ஆள் வேணுமே, பெரியம்மா. அம்மாவும் வரட்டும், நீங்களும் வாங்க."