பதின்மூன்றாம் ஆண்டில் கிடைக்க வேண்டியது: அரசு மருத்துவர் சம்பளத்தின் கணக்கு

மருத்துவர்களுக்கு நியாயமான சம்பளம் கிடைக்கிறதா என்று கேட்டால், பேச்சு உடனே கார்ப்பரேட் மருத்துவமனை நிபுணர்களின் கட்டணத்துக்குப் போய்விடுகிறது. முன்னணி நடிகரின் ஊதியத்தைப் பார்த்துத் துணை நடிகரின் கூலியைக் கணிப்பது போன்றது அது. தமிழ்நாட்டில் ஏழை எளியவர்கள் நம்பியிருப்பது சுமார் 18,000 அரசு மருத்துவர்களை. அவர்களுடைய சம்பளக் கணக்கு பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தீராத வழக்காக நிற்கிறது. அந்த வழக்கு என்ன என்பது மருத்துவத் துறைக்கு வெளியே பலருக்கும் தெரியாது.

இரண்டு மருத்துவர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மத்திய அரசின் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் சேர்கிறார். இன்னொருவர் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வெழுதி, தமிழ்நாடு அரசின் உதவி மருத்துவராக ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்கிறார். படிப்பு ஒன்று, வயதும் ஏறக்குறைய ஒன்று. தொடக்க அடிப்படைச் சம்பளம்கூட இருவருக்கும் 56,100 ரூபாய்தான். சேரும் நாளில் அடிப்படைச் சம்பளத்தில் இருவருக்கும் நடுவே வேறுபாடு கிடையாது. வேறுபாடு பிற்பாடு வருகிறது, வந்தபின் விரிந்துகொண்டே போகிறது.

காலமுறை உயர்வு என்றால் என்ன?

அரசுப் பணியில் சம்பளம் கணிசமாக உயரப் பதவி உயர்வு வேண்டும். பதவி உயர்வுக்குக் காலியிடம் வேண்டும். மருத்துவத் துறையில் கீழ்நிலைப் பணியிடங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், மேல்நிலைப் பணியிடங்கள் விரல்விட்டு எண்ணும்படி இருக்கும். அப்படியே விட்டால், சேர்ந்த பதவியிலேயே ஓய்வு பெறுகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். இதைச் சரிசெய்ய வந்ததுதான் காலமுறை ஊதிய உயர்வு. காலியிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட ஆண்டுகள் பணி முடித்தவருக்கு அடுத்த படிநிலைச் சம்பளம் தானாகக் கிடைக்கும். டிஏசிபி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

மத்திய அரசு 2008 அக்டோபரில் இதற்கான ஆணையை வெளியிட்டது. அதன்படி பொது மருத்துவ அலுவலருக்கு 4, 9, 13, 20 ஆகிய ஆண்டுகளின் முடிவில் படிநிலை உயரும். ஓராண்டு கழித்து, 2009 அக்டோபரில், கருணாநிதி முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு அரசாணை 354 வந்தது. இங்கே வகுக்கப்பட்ட கால வரிசை 8, 15, 17, 20 ஆண்டுகள்.

மேலோட்டமாகப் பார்த்தால் நாலைந்து ஆண்டு முன்பின் என்றுதான் தோன்றும். ஆனால் எல்லாப் படிகளும் ஒரே உயரம் கொண்டவை அல்ல. ஏழாவது ஊதியக் குழுவின் மத்திய அட்டவணையைப் பாருங்கள். ஆண்டுதோறும் வரும் உயர்வுகளோடும் இடைப்பட்ட படிநிலைகளோடும் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு பணி செய்த மத்திய அரசு மருத்துவரின் அடிப்படைச் சம்பளம் 90,000 ரூபாயை ஒட்டி நிற்கும். பதின்மூன்றாம் ஆண்டு முடிந்ததும் அது 1,23,100 ரூபாய்க்குத் தாவும். ஒரே தாவலில் 30,000 ரூபாய்க்கு மேல். அகவிலைப்படியும் அந்த விகிதத்திலேயே கூடும். பழைய ஊதியக் கட்டமைப்பில் இந்தப் படிநிலையின் பெயர் ஊதியப் பட்டை 4. தமிழ்நாட்டு மருத்துவர் அதைத் தொட இருபது ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ஏழு ஆண்டுகள் என்பது எண்பத்து நான்கு மாதச் சம்பளம். நடுவில் கிடைக்கும் சிறு உயர்வுகளைக் கழித்துவிட்டாலும் இழப்பு பல லட்சம் ரூபாய். அதுவும் எந்த வயதில்? இருபத்தாறில் சேர்ந்தவருக்கு முப்பத்தொன்பதில் கிடைக்க வேண்டியது நாற்பத்தாறில் கிடைக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், வயதான பெற்றோர் என்று செலவுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து நிற்கும் வயது அது. இதனால்தான் 5, 9, 11, 12 என்று கால வரிசையை மாற்றச் சொல்கிறார்கள் தமிழ்நாட்டு மருத்துவர்கள். தொடக்கச் சம்பளத்தைக் கூட்டச் சொல்லவில்லை. காத்திருப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

கிளினிக் வைத்துக்கொள்ளலாமே?

அரசுத் தரப்பில் எப்போதும் வரும் பதில் ஒன்று உண்டு. மத்திய அரசு மருத்துவர் வெளியே பயிற்சி செய்யக் கூடாது. அதற்கு ஈடாக அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் படியாகத் தரப்படுகிறது. தமிழ்நாட்டிலோ பணி நேரத்துக்குப் பிறகு தனியாக கிளினிக் நடத்த அனுமதி உண்டு. குறைவதை அங்கே சம்பாதித்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்தப் பதிலின் உட்பொருள்.

நகரத்தில் பெயர் எடுத்த குழந்தை மருத்துவருக்கு இது பொருந்தலாம். மலைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவருக்கு? சட்ட மருத்துவத் துறையில் பிரேதப் பரிசோதனை செய்பவருக்கு? நுண்ணுயிரியல் துறையில் இருப்பவருக்கு? அவர்களிடம் காசு கொடுத்துப் பார்த்துக்கொள்ள யார் வருவார்கள்? வெளியே சம்பாதித்துக்கொள் என்று ஊழியரிடம் சொல்லும் அரசு, அவருடைய கவனத்தில் ஒரு பாதியை வெளியே அனுப்பிவிடுகிறது. ஓ.பி. வரிசையில் நிற்கும் நோயாளிக்குத்தான் அதனால் நஷ்டம்.

சம்பளம் எந்த வேலைக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு தாலுகா மருத்துவமனையின் இரவு டியூட்டி. இருப்பவர் ஒரே மருத்துவர். விபத்தில் அடிபட்டவர் 108 ஆம்புலன்ஸில் வருகிறார். தையல் போட்டு முடித்ததும் போலீசுக்குத் தகவல் அனுப்பி, ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் காயம் காயமாக அளந்து எழுத வேண்டும். அதற்குள் பாம்புக்கடி வருகிறது. ரத்தம் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் பார்த்து, விஷமுறிவு மருந்து ஏற்றி, ஒவ்வாமை வருகிறதா என்று பக்கத்திலேயே நிற்க வேண்டும். உள்நோயாளி வார்டில் மூச்சுத்திணறல் என்று செவிலியர் கூப்பிடுகிறார். காலையில் பிரேதப் பரிசோதனை காத்திருக்கிறது. அன்றிரவு எழுதிய காயச் சான்றுக்காக, நாலு வருடம் கழித்து எங்கோ ஒரு கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். அப்போது அவர் வேறு மாவட்டத்தில் இருப்பார். போய்ச் சாட்சி சொல்லித்தான் ஆக வேண்டும்.

பணி நேரத்துக்கு விதி இல்லாமல் இல்லை. உறைவிட மருத்துவர்களுக்குத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் பொதுவாக வேலை கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 1992லேயே எழுதி வைத்தது. எந்த அரசு மருத்துவக் கல்லூரியிலும் முதலாண்டு பட்டமேற்படிப்பு மாணவரைக் கேளுங்கள், அந்த விதியின் நிலைமை தெரியும்.

2019 அக்டோபர்

ஊதிய மறுஆய்வு, நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணியிடங்கள், பட்டமேற்படிப்பில் அரசு மருத்துவர்களுக்கு 50 சதவீத இடம், வெளிப்படையான கலந்தாய்வு ஆகிய கோரிக்கைகளோடு 2019 அக்டோபர் 25 அன்று மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எடப்பாடி பழனிசாமி அரசு பணியிட மாற்றங்களாலும் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குற்றக் குறிப்பாணைகளாலும் பதில் சொன்னது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தொலைதூர ஊர்களுக்குத் தூக்கியடிக்கப்பட்டார்கள். நவம்பர் 1 அன்று போராட்டம் கைவிடப்பட்டது. அதை முன்நின்று நடத்திய மருத்துவர் லட்சுமி நரசிம்மன் 2020 பிப்ரவரி 7 அன்று மாரடைப்பால் இறந்துபோனார். அதே மாத இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பணியிட மாற்றங்களை ரத்து செய்தது.

பட்டமேற்படிப்புக் கோரிக்கைக்கு உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கு மாநிலங்கள் தனி ஒதுக்கீடு தரலாம் என்று 2020 ஆகஸ்ட் 31 தீர்ப்பு சொன்னது. சம்பளக் கோரிக்கைக்கு அப்படி வழி திறக்கவில்லை. 2021இல் ஆட்சி மாறியபின் வந்த அரசாணை 293 சில படித்தொகைகளை அறிவித்தது. ஒரு சங்கம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது, இன்னொரு தரப்பு அது வேண்டாம், 354ஐத்தான் திருத்த வேண்டும் என்றது. சங்கங்கள் இரண்டுபட்டது அரசுக்கு வசதியாகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அரசுக் கல்லூரியில் மிகக் குறைந்த கட்டணத்தில், மக்கள் வரிப்பணத்தில் படித்தவர்கள் இவர்கள். தனியார் மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருக்கும் இளம் டியூட்டி டாக்டர் பலருக்கு அரசின் தொடக்கச் சம்பளமே எட்டாத கனவு. 2015இல் அரசு எடுத்த ஒப்பந்தச் செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். அதன் பக்கத்தில் வைத்தால் மருத்துவரின் சம்பளம் பெரிதாகத் தெரியும். ஆனால் செவிலியருக்கு இழைத்த அநீதியைக் காட்டி மருத்துவரின் காத்திருப்பை நியாயப்படுத்த முடியாது. இரண்டையும் தீர்க்க வேண்டிய பொறுப்பு ஒரே அரசுக்குத்தான்.

2018-20 கணக்கின்படி உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. இந்த எண் மேடைகளில் பெருமையோடு சொல்லப்படுகிறது, சொல்லவும் வேண்டும். நள்ளிரவு சிசேரியனுக்காக சீமாங் எனப்படும் அவசர மகப்பேறு சிகிச்சை மையங்களில் விழித்திருக்கும் மகப்பேறு மருத்துவர்களும் மயக்க மருத்துவர்களும் இல்லாமல் அந்த எண் வந்திருக்காது. இவர்களைத்தான் தனியார் மருத்துவமனைகளும் தேடுகின்றன. பத்து, பதினைந்து ஆண்டு அனுபவம் சேர்ந்து கை தேர்ந்த வயதில் ஒருவர் அரசுப் பணியை விட்டுப் போனால், அந்த இடத்தைப் புதிதாகத் தேர்வு எழுதி வருபவரால் உடனே நிரப்ப முடியாது. போனவர் சேரும் இடத்திலோ, பல மருத்துவமனைகளில் வருமானம் பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கையோடும் செய்த அறுவை சிகிச்சைகளோடும் கட்டப்பட்டிருக்கும். நோயாளிக்கு எது தேவை என்பதோடு தனக்கு எது வரும் என்பதையும் எண்ண வைக்கும் ஏற்பாடு அது. நிலையான, போதுமான சம்பளம் பெறும் மருத்துவருக்கு அந்த நெருக்கடி இல்லை. அரசு மருத்துவர் சம்பளம் நோயாளியின் பிரச்சினையாகவும் ஆவது இங்கேதான்.

பன்னிரண்டாம் ஆண்டா, பதின்மூன்றாம் ஆண்டா என்பதைப் பேச்சுவார்த்தையில் முடித்துக்கொள்ளலாம். ஆனால் இருபதாம் ஆண்டு என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. மத்திய அரசு 2008இல் தன் மருத்துவர்களுக்குச் செய்ததைத் தமிழ்நாடு அரசு, அரசாணை 354ஐத் திருத்தி, செய்து முடிக்க வேண்டும்.