மைட்டோகாண்டிரியா ரைபோசோம் உருவாக்கத்தில் துணைப்புரதங்களின் பங்கு

மனித மைட்டோகாண்டிரியாவின் மரபுத்தொகுதி 16,569 கார இணைகளைக் கொண்டது. அது குறிக்கும் புரதங்கள் 13 மட்டுமே. எனினும் அவை அனைத்தும் உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறாகிய ஏ.டி.பி.யை உருவாக்கும் அமைப்பின் உறுப்புகளாகும். இப்பதின்மூன்றையும் தொகுப்பதற்கென்றே மைட்டோகாண்டிரியாவுக்குள் தனி ரைபோசோம் ஒன்று இயங்குகிறது.

இந்த 55எஸ் ரைபோசோம், 28எஸ், 39எஸ் என்னும் இரு துணையலகுகளால் ஆனது. 28எஸ் அலகிலுள்ள 12எஸ் ஆர்.என்.ஏ.வும், 39எஸ் அலகிலுள்ள 16எஸ் ஆர்.என்.ஏ.வும் மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ.விலிருந்து படியெடுக்கப்படுகின்றன. ஏறத்தாழ 80 ரைபோசோம் புரதங்களோ உட்கரு மரபணுக்களின் வழி சைட்டோபிளாசத்தில் உருவாகி உள்ளே கொண்டுவரப்படுகின்றன. இருவேறு இடங்களிலிருந்து வரும் இவ்வுறுப்புகளை உரிய வரிசையில் பொருத்துவதற்குத் துணைப்புரதங்கள் தேவைப்படுகின்றன. இவை முற்றுப்பெற்ற ரைபோசோமின் உறுப்புகள் அல்ல. வந்து பிணைந்து, பணி முடித்து, விலகிச் செல்பவை. முழுமையடைந்த ரைபோசோமின் கட்டமைப்புப் படங்களில் இவை தென்படாமைக்குக் காரணம் இதுவே.

2017இல் முற்றுப்பெறாத 39எஸ் அலகுகளை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி வழி ஆராய்ந்தபோது, மால்சு1 என்னும் புரதம் வேறிரு புரதங்களுடன் அவற்றின்மேல் பிணைந்திருப்பது வெளிப்பட்டது. அவற்றுள் ஒன்று, கொழுப்பு அமிலத் தொகுப்பில் பங்குபெறுவதாக அறியப்பட்ட அசைல் ஏந்திப் புரதம் என்பது வியப்புக்குரியது. இம்மூன்றும் இடத்தை அடைத்து நிற்பதால் 28எஸ் அலகு உரிய காலத்துக்கு முன் வந்து இணைய இயலாது.

28எஸ் பக்கத்தில் மிகத் தெளிவாக அறியப்பட்டது இ.ஆர்.ஏ.எல்.1. பாக்டீரியாவின் ஈரா புரதத்தின் உறவான இது, குவனோசின் டிரைபாஸ்பேட்டைச் சிதைக்கும் நொதி. 12எஸ் ஆர்.என்.ஏ.வின் 3' முனைப் பகுதியில் பிணைந்து அதனைக் காக்கிறது. அதே பகுதியில் அடுத்தடுத்துள்ள இரு அடினின்களுக்கு டி.எஃப்.பி.1எம். என்னும் வேறொரு புரதம் மெத்தில் தொகுதிகளைச் சேர்க்கிறது. இ.ஆர்.ஏ.எல்.1 குறைந்தால் 12எஸ் ஆர்.என்.ஏ.வும் குறைகிறது, 28எஸ் அலகு உருவாவதில்லை.

அது விலகாமல் தங்கிவிடுவதும் கேடே. பணி முடிந்த இ.ஆர்.ஏ.எல்.1ஐ அகற்றுவதில் கிளிப்பி என்னும் புரதச் சிதைப்பு நொதிக்குப் பங்குண்டு. அந்நொதி நீக்கப்பட்ட எலிகளில் இ.ஆர்.ஏ.எல்.1 சிறு துணையலகின்மேலேயே தங்கிவிட, ரைபோசோம் உருவாக்கம் தடைப்படுகிறது.

பெரோ நோய்க்குறித்தொகுதி இங்குக் கருதத்தக்கது. செவிநரம்பு சார்ந்த கேள்திறன் இழப்பும், பெண்களிடம் சூலகச் செயலிழப்பும் இதன் இயல்புகள். கிளிப்பி மரபணுவின் திரிபுகள் இதற்குக் காரணமாவது முன்பே அறியப்பட்டிருந்தது. 2017இல் நெதர்லாந்துப் பெண்கள் சிலரிடம் இ.ஆர்.ஏ.எல்.1 மரபணுவிலும் திரிபு கண்டறியப்பட்டது. புரதத்தின் 236ஆம் இடத்தில் அஸ்பரஜினுக்கு மாற்றாக ஐசோலூசின் அமைந்திருந்தது. இருவகைத் திரிபுகளும் ஒரே வழியாகத்தான் நோயை விளைவிக்கின்றன என்று இதனால் முடிவுகட்ட இயலாது. கிளிப்பி சிதைக்கும் புரதங்கள் வேறு பலவும் உள்ளன. ஆண்களிடமும் பருவமெய்தாத சிறுமியரிடமும் கேள்திறன் இழப்பு மட்டுமே தென்படுவதால், மரபணு ஆய்வு செய்யப்படாத நிலையில் இந்நோய் வெறும் காதுகேளாமையாகவே கருதப்பட்டுவிடக்கூடும்.